திருநீலகண்டம் உணர்த்தும் பாடம்



தேவர்களும் அசுரர்களும் மந்தர மலையை மத்தாகவும் வாசுகியை நாணாகவும் கொண்டு பாற்கடலைக் கடைந்தனர். அவர்கள் வேண்டியது சாவாமையும் சோராத பலமும். ஆனால் அமுதத்துக்கு முன் எழுந்தது ஆலகால விடம். உலகைக் காக்க எம்பெருமான் அதனை உண்டார். அன்னை உமாதேவியார் அவரது கண்டத்தில் கைவைத்துத் தடுக்க, விடம் அங்கேயே நின்றது.

அமுதமும் விடமும் ஒரே கடலில் பிறந்தவை. மருந்துகளும் அவ்வாறே. 1944ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் மெத்தில்பெனிடேட் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் அதனை அளந்து கொடுக்கின்றனர். அப்பிள்ளைகளுக்கு அது அமுதம். அதனை உண்பதில் வெட்கமில்லை. வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

அதே மாத்திரையை, உயர்தரப் பரீட்சைக்கு இரவிரவாகப் படிக்க எண்ணும் நண்பன் இரவல் வாங்கி விழுங்கினால் அது விடம். நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், பசி அகலும், வீண் பயம் தோன்றும். நாளடைவில் அது இன்றி இருக்க முடியாத நிலையும் வரலாம். படித்ததை மனத்தில் பதிய வைப்பது உறக்கமே. உறக்கத்தை விற்று வாங்கிய படிப்பு பரீட்சை மண்டபத்தில் கைகொடுப்பதில்லை.

சிவராத்திரியில் விழிப்பதில்லையா எனச் சிலர் கேட்கலாம். அது ஆண்டுக்கு ஓர் இரவு; பக்தியே அங்கு விழிப்பைத் தருகிறது.

முன்பின் அறியாதவர் நீட்டும் மாத்திரையில் என்ன கலந்துள்ளதென யார் அறிவார்? ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனும் இத்தகைய ஊக்கிகளில் ஒன்றே. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனைக் கடத்தும் குற்றத்துக்கு மரண தண்டனை வரை விதிக்கிறது.

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் விடியுமுன் எழும் தாய், லயக் காம்பராவில் பிள்ளை விளக்கெரியப் படிப்பதைக் கண்டு பூரிக்கிறாள். தான் சுமக்கும் கொழுந்துக் கூடையை அவன் சுமக்கக் கூடாதென்பது அவள் நேர்த்தி. அந்த ஆசையின் பாரத்தைப் பிள்ளையும் சுமக்கிறான். “படித்தாயா?” என்று கேட்கும் வாய், “சாப்பிட்டாயா, தூங்கினாயா?” என்றும் கேட்கட்டும். வீட்டிலுள்ள மருந்து பெரியவர் கையில், எண்ணிக்கையோடு இருக்கட்டும். பிள்ளை தவறியிருந்தால் அடிக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

விடம் உள்ளே இறங்குமுன் கண்டத்தில் நின்ற அன்னையின் கை, ஒவ்வொரு லயத்திலும் பெற்றோரின் கையாகட்டும்.

திருநீலகண்டப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக!

சுபம்.