போய்ச் சேரும் இடத்தை யார் குறிப்பது?

இணையவழிப் படிப்புகள் இப்போது பாடத்தை மட்டும் தருவதில்லை, மாற்றத்தையும் தருவதாகச் சொல்கின்றன. எட்டு வாரத்தில் தன்னம்பிக்கை, பன்னிரண்டு வாரத்தில் தலைமைப் பண்பு, முடிவில் ஒரு புதிய பெண். இதற்குக் கற்றல் பயணம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பயணம் என்றால் புறப்படும் இடமும் உண்டு, போய்ச் சேரும் இடமும் உண்டு. புறப்படும் இடத்தில் நாம் நிற்கிறோம். போய்ச் சேரும் இடத்தைக் குறித்தவர் யார்? ஒரு பெண் எப்படி மாற வேண்டும் என்று இன்னொருவர் முன்கூட்டியே திட்டமிடலாமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெண்களின் கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் ஜாக் மெசிரோ 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இடையில் விட்ட படிப்பைத் தொடரப் பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களைப் பற்றியது அது. அவருடைய மனைவியும் அப்படித் திரும்பிப் படித்தவர்தான். அந்தப் பெண்கள் புதிய தகவல்களை மட்டும் கற்கவில்லை, பெண்ணின் கடமை இதுதான் என்று நம்பியிருந்ததையே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள் என்பதை அவர் கண்டார். அந்த மாற்றத்தைப் பத்துக் கட்டங்களாக விவரித்தார். முதல் கட்டம், பழைய நம்பிக்கைகள் நிலைகுலையும் ஒரு நெருக்கடி. பின்னால் வரும் கட்டங்களில் முக்கியமான ஒன்று, என் மனக்குறை எனக்கு மட்டும் உரியதல்ல, மற்றவர்களுக்கும் இருக்கிறது என்று அறிவது. அந்தக் காலத்துப் பெண்ணியக் குழுக்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக் கண்டுகொண்டதும் இதைத்தான்.

மெசிரோ எழுதியது நடந்து முடிந்த ஒன்றின் விவரம். அதையே கால அட்டவணை ஆக்கினால் என்ன ஆகும்? முதல் வாரம் குழப்பம், இரண்டாம் வாரம் சுயபரிசோதனை, ஐந்தாம் வாரம் தெளிவு. முன்னால் நடந்தவர்களின் காலடித் தடம், பின்னால் வருகிறவர்களுக்குத் தண்டவாளம் ஆகிவிடும். அதோடு, வட்டமாக உட்கார்ந்து பேசிய கூட்டமும் காணாமல் போய்விடுகிறது. ஒவ்வொருத்தியும் தனியாக ஒரு திரை முன்னால் உட்கார்ந்து மாற வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடியில் நாட்டுப்படகுகள் கரையேறும் திரேஸ்புரத்தில் ஒரு பெண் இப்படியொரு படிப்பில் சேருவதாக வைத்துக்கொள்வோம். படகு எப்போது கரை சேரும் என்பது காற்றின் கையில். மீன் வந்த பிறகு ஏலம், கூடை, தெருத் தெருவாக வியாபாரம், வீடு திரும்பினால் அடுப்பு. 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இலவசம்தான். ஆனால் இலவசம் என்பதும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. வீட்டில் இருப்பது ஒரே ஃபோன் என்றால், கணவன் பேசி முடித்து, பிள்ளை படித்து முடித்த பிறகுதான் அது இவள் கைக்கு வரும்.

அந்த ஃபோனில் ஒரு கட்டாயப் பயிற்சி வருகிறது: உங்களை இதுவரை தடுத்தது எது, மனம் திறந்து எழுதுங்கள். அவள் எழுதுகிறாள். கணவனின் குடியைப் பற்றி எழுதலாம், மாமியாரைப் பற்றி எழுதலாம், தான் வேண்டாம் என்று சொல்லியும் நடந்த கல்யாணத்தைப் பற்றி எழுதலாம். வடிவமைத்தவருக்கு அது சுயபரிசோதனை, அதற்கு மதிப்பெண் உண்டு. மறுநாள் அதே ஃபோனைத் திறக்கும் ஆணுக்கு அது சாட்சியம்.

மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவள் கற்பவள்தான், வடிவமைத்தவர் அல்ல. மாறிய பெண் மாறாத வீட்டில்தான் அன்றிரவு தூங்க வேண்டும். இந்த ஒன்றை மறந்துவிட்டு எழுதப்படும் எந்தப் பாடத்திட்டமும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், அறமானது அல்ல.

அப்படியானால் யாரும் யாருக்கும் எதையும் திட்டமிடக் கூடாதா? அப்படிச் சொல்வதும் சரியல்ல. இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று ஒதுங்குவதை மரியாதை என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கமும் திட்டமிடப்பட்டதுதான். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்தக் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுத்தரப்பட்டது. வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கேலி இல்லாமல் இல்லை. ஆனால் ஒருத்தி தனியாக ஓட்டினால் அவள் மேல் மட்டும் விழும் கேலி, ஊரே ஓட்டும்போது சிதறிப் போகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கே போக வேண்டும் என்று சைக்கிள் சொல்வதில்லை. திசையை மிதிப்பவள்தான் முடிவு செய்கிறாள்.

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரைக்கே உரிய ஒரு பாடமும் உண்டு. குளிப்பவர் கல்லின் கனத்தில் கடலடிக்கு இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் இழுத்துச் சைகை கொடுத்ததும் மேலே தூக்குவார். கயிறு பிடிப்பவர் மைத்துனராகத்தான் இருப்பார், கவனம் தவறினால் தாலி இழப்பவள் அவருடைய அக்காளோ தங்கையோ என்பதால், என்று சொல்வதுண்டு. கடலில் இறங்கியவர்கள் ஆண்கள், பிணையாகக் கரையில் நின்றவள் பெண் என்பதையும் இதில் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் கயிறு பிடிப்பவரின் வேலை என்ன என்பது இதில் தெளிவாக இருக்கிறது. எவ்வளவு நேரம் கீழே இருக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. சைகை வரும்போது அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாடம் வடிவமைப்பவரின் கடமையும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தரங்கத்தை எழுதச் சொல்லும் பயிற்சி எதுவும் கட்டாயமாக இருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு கதையைப் பற்றியோ ஒரு சட்டத்தைப் பற்றியோ எழுதவும் வழி வேண்டும். ஒரே தெருவில், ஒரே கல்லூரியில் இருக்கும் நாலைந்து பெண்கள் சேர்ந்து படிக்க இடம் வேண்டும். பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, கை ஓய்ந்த நேரத்தில் கேட்க முடிய வேண்டும். தேதி தவறினால் கதவு மூடக் கூடாது. பாதியில் நிறுத்தியவள் ஆறு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும்.

பாதியில் நிறுத்துபவள் அபூர்வமானவளும் அல்ல. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இணையவழிப் படிப்புகளைப் பற்றி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 விழுக்காடு மட்டுமே என்கிறது. உலகமே பாதியில் நிறுத்துகிறது. மீன்கூடை சுமப்பவளை மட்டும் ஆர்வம் இல்லாதவள் என்று எப்படிச் சொல்வது?

ஒரு பெண் படிப்பை முழுதாக முடித்துவிட்டு, நீங்கள் சொல்லும் இந்த மாற்றம் எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டியது வேறு என்கிறாள். சான்றிதழ் தருபவர் அதைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளலாம். நான் அதைத் தேர்ச்சி என்பேன்.