விலகும் வயதும் விலக்கும் முறையும்

2012 மார்ச் மாதம் பிலடெல்பியா அணியுடன் நடந்த ஓர் ஆட்டத்தில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் மூத்த வீரர் டிம் டங்கன் களம் இறங்கவில்லை. ஆடாத வீரர் ஏன் ஆடவில்லை என்று ஆட்டக் குறிப்பில் எழுதுவது வழக்கம். கணுக்கால் வலி, முழங்கால் காயம், பயிற்சியாளரின் முடிவு என்று ஏதாவது இருக்கும். டங்கன் பெயருக்கு எதிரே 'முதுமை' என்று எழுதியிருந்தது. பயிற்சியாளர் கிரெக் போபோவிச்சின் குறும்பு அது. டங்கனுக்கு அப்போது வயது 35.

நெருங்கிப் பழகியவரிடம் மட்டுமே செய்யக்கூடிய நகைச்சுவை இது. உனக்கு வயதாகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவரால் முடிகிறது, கேட்டவரால் சிரிக்க முடிகிறது என்றால், அங்கே வயதைப் பற்றிய பேச்சு எப்போதோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் அறக்கட்டளைகளிலும் அந்தப் பேச்சு பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. பெரியவர் படுக்கையில் விழுந்த பிறகு, மற்றவர்கள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதோடு சரி.

விளையாட்டு வீரரின் தொழில்வாழ்வு குறுகியது. நமக்கு அறுபதில் வரும் கேள்வி அவர்களுக்கு முப்பத்துமூன்றில் வந்துவிடுகிறது. அதுவும் ஊரறிய வருகிறது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஜூன் மாதம் இறுதிச் சுற்று முடியும். அடுத்த சில நாட்களில் டிராஃப்ட், அதாவது புதிய இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. ஜூன் முடியும் வேளையில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களோடு பேரம். ஓர் அணியில் நிலையான இடம் 15 பேருக்குத்தான். மொத்தச் சம்பளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பழைய வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ள அந்த வரம்பைத் தாண்டலாம், ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் கடுமையான வரி. 2023 உடன்பாட்டுக்குப் பிறகு, மிக அதிகம் செலவழிக்கும் அணிகளுக்குப் புதிய வீரர்களைக் கொண்டுவரும் வழிகளில் பலவும் அடைபட்டுவிட்டன. ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும். இளம் அணிக்கு இது வெறும் கணக்கு. மூத்த வீரர்களால் நிற்கும் அணிக்கு அப்படியல்ல. கோப்பைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்களே இன்று இடத்தையும் பணத்தையும் அடைத்துக்கொண்டிருப்பவர்களாகத் தெரிகிறார்கள். அவர்களை என்ன செய்வது?

அந்த 2012 கோடையில் டங்கனின் ஒப்பந்தம் முடிந்தது. முந்தைய பருவத்தில் அவருடைய சம்பளம் 2 கோடி டாலருக்கும் மேல். புதிய ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து ஏறக்குறைய 3 கோடிக்குக் கையெழுத்திட்டார். அடுத்த பருவத்தில் அவர் பெற்றது அதற்கு முன் பெற்றதில் பாதிக்கும் குறைவு. அப்படி மிச்சமான இடத்தில்தான் அணி தன் மற்ற வீரர்கள் சிலரைக் காப்பாற்றிக்கொண்டது.

இதைத் தியாகம் என்று உடனே கொண்டாடிவிட எனக்கு மனமில்லை. அதற்கு முன்பே இருபது கோடி டாலருக்குக் குறையாமல் ஈட்டியவர் அவர். அவர் விட்டுக்கொடுத்தது சோற்றுக்கான பணம் அல்ல. இன்னொரு நியாயமும் இருக்கிறது. சம்பள வரம்பு என்பது முதலாளிகள் கேட்டு வாங்கிய விதி. அந்த விதியால் வரும் நெருக்கடியைத் தொழிலாளி தன் கூலியைக் குறைத்துக்கொண்டு தீர்க்க வேண்டும் என்பது எந்த ஊர் நீதி என்று ஒரு தொழிற்சங்கத்தார் கேட்டால் அதற்குப் பதில் சொல்வது கடினம். பெரிய வீரர் குறைவாக வாங்கினால் மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள். அப்படியும் டங்கன் செய்ததில் நான் மதிக்கும் ஒன்று உண்டு. அது தொகை அல்ல, வரிசை. தன்னை யாரும் கணக்குப் போட்டுக் குறைப்பதற்கு முன்னால் அவரே குறைத்துக்கொண்டார்.

மறு ஆண்டுதான் உண்மையான சோதனை. 2013 இறுதிச் சுற்றில் மயாமியோடு ஆறாவது ஆட்டம். 28 நொடிகள் மீதமிருக்கையில் ஸ்பர்ஸ் ஐந்து புள்ளிகள் முன்னிலை. கோப்பையைக் கொடுப்பதற்காகக் களத்தைச் சுற்றிக் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். 5.2 நொடிகள் இருக்கும்போது மயாமியின் ரே ஆலன் மூலையிலிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்து ஆட்டம் சமனானது. கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது, ஏழாவது ஆட்டத்திலும் தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் மட்டும் ஸ்பர்ஸின் இன்னொரு மூத்த வீரர் மனு ஜினோபிலி எட்டு முறை பந்தைப் பறிகொடுத்திருந்தார். அவர் 36ஐ எட்டிக்கொண்டிருந்தார். ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கூடையருகே கிடைத்த எளிய வாய்ப்பைத் தவறவிட்டு, தரையை ஓங்கி அறைந்துவிட்டு ஓடினார் டங்கன். அவருக்கு 37.

இந்த அணி முடிந்துவிட்டது, கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று அறிவுரை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பொது மேலாளர் ஆர்.சி. பஃபோர்டும் போபோவிச்சும் அந்தக் கோடையில் செய்தது மிகக் குறைவு. ஜினோபிலியின் ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார்கள், முன்பு வாங்கியதில் ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு. பிரேசில்காரர் டியாகோ ஸ்பிளிட்டரைத் தக்கவைத்தார்கள். இத்தாலியின் மார்கோ பெலினெல்லியைச் சிறிய தொகைக்குச் சேர்த்தார்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். அடுத்த பருவம் முழுவதும் எந்த வீரரும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம்கூட ஆடவில்லை. என்.பி.ஏ. வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அப்படி ஆடியதில்லை. கிழவர்களைத் தூக்கி எறியவும் இல்லை, அவர்கள் முதுகில் முழுச் சுமையை ஏற்றவும் இல்லை. 62 வெற்றிகள். 2014 ஜூனில் அதே மயாமியை 4-1 என்று வென்று கோப்பை. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது, மூத்தவர்களில் எவருக்கும் இல்லை. 22 வயது கவாய் லெனார்டுக்குப் போனது.

கதையை இங்கே நிறுத்தினால் அது விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு என்று ஆகிவிடும். அப்படி நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நான் பார்க்க விரும்புவது லெனார்ட் அந்த அணிக்கு எப்படி வந்தார் என்பதை.

2011இல் ஸ்பர்ஸ் 61 ஆட்டங்களில் வென்று தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. பிறகு எட்டாம் இடத்து மெம்பிஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. வயதாவது தெரியத் தொடங்கிய ஆண்டு அது. அந்த ஜூன் டிராஃப்ட் இரவில் ஜார்ஜ் ஹில் என்ற இளைஞரை இண்டியானாவுக்குக் கொடுத்துவிட்டு, 15ஆவது இடத்தில் தேர்வான, இருபது வயது நிரம்பாத லெனார்டை வாங்கினார்கள். ஹில் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களே தேர்ந்தெடுத்து வளர்த்தவர், போபோவிச்சின் செல்லப்பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். அவரை அனுப்பியது அவருடைய சொந்த ஊரான இண்டியானாபோலிஸுக்குத்தான் என்பதில் சிறு ஆறுதல் உண்டு. ஆனால் வலிக்கிற முடிவு. 2013இல் தோற்ற கிழவர்களிடம் கனிவாக நடந்துகொள்ள முடிந்ததற்குக் காரணம், 2011இல் யாரும் நெருக்காதபோதே அந்தக் கடினமான முடிவை எடுத்திருந்ததுதான். முன்கூட்டி இடம் செய்யாதவர்களுக்குக் கனிவு என்பது கைக்கு எட்டாத ஆடம்பரம்.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் கதை இதை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1986இல் கோப்பை வென்ற அந்த அணியின் தூண்கள் லாரி பேர்ட், கெவின் மெக்ஹேல், ராபர்ட் பாரிஷ். தலைவராக இருந்த ரெட் அவர்பாக் அவர்களை விற்க மனம் கொள்ளவில்லை. அவர்களுக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லாமலில்லை. 1986 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த லென் பயஸ் இரண்டே நாளில் போதைமருந்தால் இறந்துபோனார். அடுத்த நம்பிக்கையான ரெஜ்ஜி லூயிஸ் 1993இல் இதயக் கோளாறால் இறந்தார். இது விதி, திட்டக் குறை அல்ல. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நடந்ததை விதி என்று தள்ளிவிட முடியாது. மெக்ஹேல் 1987இல் முறிந்த பாதத்தோடு ஆடினார். பேர்ட் முதுகுவலியால் பெஞ்சில் உட்கார முடியாமல் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்து, முறை வரும்போது எழுந்து போய் ஆடினார். வேறு ஆள் இல்லாததால் ஆடினார்கள். விசுவாசம் என்ற பெயரில் அவர்களிடமிருந்து உறிஞ்சப்பட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடுத்த கோப்பைக்கு 22 ஆண்டுகள் ஆயின.

அதே அணியில் ஆடி அதை உள்ளிருந்து பார்த்தவர் டேனி ஐஞ்ச். 1989இல் அவரையே சாக்ரமெண்டோவுக்கு மாற்றிவிட்டார்கள். பின்னாளில் பாஸ்டனின் நிர்வாகத் தலைவராகத் திரும்பிவந்த அவர், 2008இல் கோப்பை கொண்டுவந்த பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் 2013இல் புரூக்ளின் நெட்ஸுக்கு விற்றார். பியர்ஸுக்கு 35, கார்னெட்டுக்கு 37. பதிலுக்குப் புரூக்ளின் தன் எதிர்காலத்தையே கொடுத்தது: 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. உடனே கோப்பை வேண்டும் என்ற நெட்ஸ் உரிமையாளரான ரஷ்யச் செல்வந்தர் மிகைல் புரோகோரோவின் அவசரம் அது. முதல் ஆண்டு இரண்டாம் சுற்றோடு முடிந்தது. பியர்ஸ் ஒரே பருவத்தில் விலகினார். 2016-17இல் நெட்ஸ் 82 ஆட்டங்களில் 20 வென்று கடைசி இடத்தில் கிடந்தது. அந்தக் கடைசி இடத்தின் பலனும் பாஸ்டனுக்கே போனது. ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் புரூக்ளின் கொடுத்த தேர்வுகளின் வழியே வந்தவர்கள். அவர்களோடு பாஸ்டன் 2024இல் கோப்பை வென்றது.

கணக்கில் ஐஞ்ச் வென்றார், சந்தேகமில்லை. முறையிலும் அந்த முதல் விற்பனையில் பெரிய குறை சொல்ல முடியாது. கார்னெட்டின் ஒப்பந்தப்படி அவர் சம்மதிக்காமல் அவரை மாற்ற இயலாது. கேட்டார்கள், அவர் ஒப்பினார். இருவர் சட்டை எண்களையும் பின்னாளில் பாஸ்டன் தன் அரங்கில் உயரத்தில் தொங்கவிட்டு மரியாதை செய்தது.

என்னை உறுத்துவது அதற்கு அடுத்தது. 2011 டிராஃப்டில் கடைசி ஆளாக, 60ஆவது இடத்தில் தேர்வானவர் ஐசையா தாமஸ். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம். 2017 ஏப்ரலில் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்த மறுநாள் அவர் பாஸ்டனுக்காக ஆடி 33 புள்ளிகள் எடுத்தார். இடுப்பு மூட்டுக் காயத்தோடு அந்த ஆண்டின் பிளே-ஆஃப், அதாவது கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகளில் தொடர்ந்தார். ஆகஸ்டில் அவரை, அதே புரூக்ளின் தேர்வுகளில் ஒன்றோடு சேர்த்து, கிளீவ்லாண்டுக்குக் கொடுத்துவிட்டு கைரி எர்விங்கை வாங்கினார்கள். அந்த இடுப்பு பழையபடி ஆகவில்லை. பெருந்தொகை ஒப்பந்தத்தை எதிர்பார்த்திருந்தவர் 2018இல் டென்வரில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டார். விதிப்படி பாஸ்டன் எதையும் மீறவில்லை. ஆனாலும் ஒரு மனிதன் தன் உடம்பையும் துக்கத்தையும் ஓர் அமைப்புக்காகக் கொடுத்திருக்கும்போது, அந்த அமைப்புக்குச் சட்டத்துக்கு மேல் ஒரு கடன் உண்டு. அதைப் பேரேட்டில் எழுதாதவர்கள் எத்தனை கோப்பை வென்றாலும் என் மதிப்பில் குறைந்தவர்களே.

இதே கேள்வி நம் ஊரிலும் உண்டு. கடைத்தெருக்களில் எழுபதைத் தாண்டிய அப்பா கல்லாவில் உட்கார்ந்திருப்பார். நாற்பத்தைந்து வயது மகன் இன்னும் சரக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான், கொள்முதல் முடிவு ஒன்றுகூட அவனுடையதாக இருக்காது. ஒருநாள் அப்பா சாய்வார். அன்று மகனுக்குக் கணக்கும் தெரியாது, கடன்காரர்களும் தெரியாது. அதற்கு எதிரான காட்சியும் உண்டு: பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய மறுவாரமே அப்பாவுக்குக் கடையில் நாற்காலி இருக்காது. முதல் தவறைப் பெரியவர் செய்கிறார், இரண்டாவதைப் பிள்ளைகள் செய்கிறார்கள். பெரும்பாலும் முதல் தவறின் கசப்பில்தான் இரண்டாவது பிறக்கிறது. அதற்காக இரண்டாவதை மன்னித்துவிட முடியாது.

ஸ்பர்ஸ் காட்டிய வழி எப்போதும் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன். லெனார்ட் காயத்தைக் குறித்த மனக்கசப்பில் விலக விரும்பினார். 2018இல் அவரை டொரண்டோவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று, மறு ஆண்டே அவர் அங்கே கோப்பை வென்றார். 22 ஆண்டுகளாகத் தொடர்ந்து பிளே-ஆஃப் சுற்றுக்குப் போய்வந்த ஸ்பர்ஸ் 2020இல் அதையும் இழந்தது. யாருக்காக இடம் விட்டோமோ அவரே எழுந்து போய்விடக்கூடும். இடம் விட்டது தவறு என்று அதற்காக ஆகிவிடாது.

டங்கன் 2015இல் மறுபடியும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார், ஏறக்குறைய 50 லட்சம் டாலருக்கு. லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் என்ற பெரிய வீரரை அணியில் சேர்க்க அது உதவியது. 2016 ஜூலையில், 40 வயதில், ஊர் ஊராக வழியனுப்பு விழா எதுவும் இல்லாமல், அணி வெளியிட்ட ஓர் அறிக்கையோடு விலகினார். 19 பருவங்களும் ஒரே அணி. 2019-20இல் போபோவிச்சின் உதவிப் பயிற்சியாளராக ஓர் ஆண்டு வந்து, தன் வயதில் பாதியே ஆன பையன்களுக்குப் பந்து எடுத்துப் போட்டார்.

நீங்கள் இப்போது ஐம்பதுகளில் இருந்தால், உங்கள் கையிலிருக்கும் பொறுப்புகளில் முதலில் எதை, யாரிடம், எந்த ஆண்டில் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் இந்த ஆண்டே சொல்லிவிடுங்கள். நீங்கள் வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருப்பவரானால், கொடுக்கிறவருக்கு அங்கே என்ன வேலை, என்ன மரியாதை, என்ன வருமானம் என்பதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.