நம்பாதவனோடும் கணக்குப் பார்!

மைசூருக்கு மென்பொருள் பயிற்சிக்கு வந்துவிட்டு, "எனக்குக் கணிதம் வராது" என்று சுருண்டு கிடக்கும் தம்பி, தங்கையே, எழுந்து உட்கார்!

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணராஜ சாகர் போவாய். பிருந்தாவன விளக்குகளோடு திரும்பிவிடாதே. அந்த அணையின் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடின. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குத் திறந்துவிடச் சொன்ன 177.25 டி.எம்.சி.யை அளப்பது எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையம். நம்பிக்கை இல்லாத இடத்தில் நடுவர் தேவைப்பட்டார்.

ஆறு வெளிப்படையாக ஓடுகிறது, நடுவர் அளந்துவிடலாம். இரண்டு மருத்துவமனைகளின் நோயாளிப் பட்டியலை யாரிடம் கொடுப்பாய்? பொதுவான பெயர்கள் மட்டும் தெரிய வேண்டும், மற்றவை வெளியே போகக் கூடாது. முடியாது என்கிறாயா? முடியும்! 1982-இலேயே ஆண்ட்ரூ யாவ் வழி திறந்தார்: இரண்டு கோடீஸ்வரர்கள், சொத்துக் கணக்கைச் சொல்லாமலே, யார் பெரிய பணக்காரர் என்று கண்டுபிடிக்கலாம்.

பேனாவை எடு. ஒரு பெயருக்கு எண் 5 என்று வை. எல்லாவற்றையும் 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். உன் ரகசிய அடுக்கு 3. ஐந்தை மும்முறை பெருக்கினால் 125, மீதி 10. அதை எதிராளியிடம் அனுப்பு. அவர் தன் ரகசிய அடுக்கான 7-ஐ ஏற்றினால் 14. அவரிடமும் அதே பெயர் இருந்தால், அவர் முதலில் 7 ஏற்றி 17-ஐ அனுப்புவார். நீ 3 ஏற்று. அதே 14! பெயரைச் சொல்லாமலே பொருத்தம் தெரிந்துவிட்டது. நிஜத்தில் 23-க்குப் பதில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண். அடுக்கை யாராலும் எளிதில் தோண்டி எடுக்க முடியாது. நீ இப்போது போட்டது பள்ளிப் பெருக்கல்தான். இதற்கா பயந்தாய்?

2008-இல் டென்மார்க்கில் சர்க்கரை பீட்ரூட் விவசாயிகள் சுமார் 1,200 பேர், இப்படி ரகசியம் காக்கும் கணிதத்தால் நடந்த ஏலத்தில் கலந்துகொண்டார்கள். எந்த விலைக்கு யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது சர்க்கரை ஆலைக்குத் தெரியவில்லை. சந்தை விலை மட்டும் வெளியே வந்தது. விளைச்சலை வாங்க அந்த ஒரே ஆலைதான். அதன் முன்னால் தங்கள் நிலையைக் காட்டிக்கொடுக்காமல் நிமிர்ந்து நின்றார்கள். மண்டியாவின் கரும்பு விவசாயிக்கும் தஞ்சையின் நெல் விவசாயிக்கும் அந்த நிமிர்வு ஏன் கூடாது?

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. ரகசியத்தை இந்தக் கணிதம் காக்கும். பொய்யான பட்டியலை உள்ளே கொடுப்பவனைத் தடுக்காது. அந்த ஓட்டையை அடைக்க ஆள் வேண்டும். வா, அந்த இடத்தில் உட்கார்!