டெக்னோ என்பது யாரிடம் இருக்கிறது?

சீடர்: ஐயா, புதுச்சேரியில் கடைப் பலகைகளில் 'டெக்னோ' என்ற பெயரைப் பார்க்கிறேன். எந்திரம் என்பதுதானே அதன் பொருள்?

குரு: எந்திரம் பின்னால் வந்தது. வேர் 'தெக்னே' என்ற கிரேக்கச் சொல். செருப்புத் தைப்பதும் மருத்துவம் பார்ப்பதும் கப்பல் ஓட்டுவதும் கிரேக்கர்களுக்குத் தெக்னேதான்.

சீடர்: கைப்பழக்கம் என்று கொள்ளலாமா?

குரு: அதோடு நிறுத்தாதே. இந்த மருந்து இந்த நோயாளிக்குக் கேட்டது என்று அறிவது அனுபவம். ஏன் கேட்டது என்று அறிவது தெக்னே. அரிஸ்டாட்டில் இப்படித்தான் பிரித்தார். தெக்னேக்கு உறவான சொல்லால் கிரேக்கர் தச்சனைத் 'தெக்தோன்' என்றனர். வடமொழித் 'தக்ஷன்' அதற்கு உறவு. நம் தச்சனும் அவ்வழி வந்தவன் என்பர் அகராதியார். 'தை' என்ற தமிழ் வேரைக் காட்டுவோரும் உண்டு.

சீடர்: பிறகு எந்திரம் எப்படி நுழைந்தது?

குரு: 1777இல் ஜெர்மானியர் பெக்மன், தொழில்களை முறையாகக் கற்பிக்கும் துறைக்கு 'டெக்னாலஜி' என்று பெயரிட்டு நூல் எழுதினார். தொழிற்சாலைகள் பெருகப் பெருக, சொல் ஆளை விட்டு எந்திரத்திடம் போய்விட்டது.

சீடர்: டெக்னோ என்று ஓர் இசை வகையும் உண்டே, அதில் ஆளே இல்லையே, ஐயா? தாளம் போடுவதும் எந்திரம்தானே?

குரு: அங்கேதான் ஆள் திரும்பி வந்தான். 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கறுப்பின இளைஞர்கள் தாள எந்திரங்களை வைத்து அந்த இசையை ஆக்கினார்கள். அவர்களில் ஹுவான் அட்கின்ஸ், எழுத்தாளர் ஆல்வின் டாஃப்லரின் நூலில் 'டெக்னோ' கிளர்ச்சியாளர்களைப் பற்றிப் படித்து அந்தச் சொல்லை எடுத்தார். கார்த் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த ஊர் அது. எந்திரத்துக்கு வேலை சொன்னவர்கள் அந்த இளைஞர்களே.

சீடர்: நம் ஊரில் அந்தத் தெக்னேயை எங்கே பார்ப்பது?

குரு: அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில். பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல் சொல்லும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1945இல் தொல்லியலாளர் வீலர் இங்கே அகழ்ந்தார். ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலிய மண்கலங்களும் கிடைத்தன. எனக்குப் பெரிதாகப் படுவது இங்கே செய்த கண்ணாடி மணிகள். உருகிய கண்ணாடியை உள்ளே துளையிருக்கும்படி நீளக் குழலாக இழுத்து, துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்குவார்கள். சூடு எவ்வளவு, இழுக்கும் வேகம் எவ்வளவு, ஏன் என்று தெரியாதவனுக்குத் துளை அடைபட்டுப் போகும்.

சீடர்: பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே படிப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

குரு: ஒரு நாள் அரிக்கமேட்டுக்கு வாருங்கள். அந்தக் குழலை எப்படி இழுத்திருப்பார்கள் என்று நீங்களே செய்து பாருங்கள்.