அழித்துப் பார், மீட்டுக் காட்டு!

ரூட் பாஸ்வேர்டு உன் கையில். பேக்கப் ஏஜென்ட்டை இந்த லினக்ஸ் சர்வரில் போடு என்று சொல்லிவிட்டார்கள். நீயோ சீனியர் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தம்பி, எதற்கு இந்தப் பயம்? அவரும் இதே கறுப்புத் திரை முன்னால் வியர்த்தவர்தான். எழு, உட்கார், தட்டு!

பேக்கப் மென்பொருளான பாகுலாவையே எடுத்துக்கொள். டெபியனில் அதன் ஏஜென்ட்டான பாகுலா-எஃப்டியை நிறுவ ஒரு கட்டளை போதும். சோதனை அதன்பிறகுதான் தொடங்கும். பேக்கப்பை இயக்கும் மைய நிரலான டைரக்டரின் பெயரும் பாஸ்வேர்டும் டைரக்டர், ஏஜென்ட் இரு பக்க அமைவுக் கோப்புகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஏஜென்ட் 9102 போர்ட்டில் காத்திருக்கும். ஆனால் டெபியன் தரும் அமைவுக் கோப்பில் அதன் முகவரி 127.0.0.1. அதாவது, தன் கணினிக்குள்ளிருந்து வரும் குரலுக்கு மட்டுமே அது காது கொடுக்கும். அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் ஃபயர்வாலோடு அரை நாள் மல்லுக்கட்டி, "நமக்கு இது வராது" என்று எழுந்து போனவர்கள் எத்தனை பேர்! நீ எழாதே. லாகைத் திற. வரி வரியாகப் படி. எங்கே தவறு என்று கணினியே எழுதி வைத்திருக்கிறது. படிக்கப் பொறுமை உள்ளவனுக்கு அது வழிகாட்டும்.

ஆனால் ஏஜென்ட் ஓடினால் மட்டும் போதாது. மென்பொருள் குறியீட்டைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைக் கேள். துணைச் சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் கோப்புகளை ஒரு பொறியாளர் முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினார்கள், காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த கருவியோ 9.2. தினமும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை அஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அந்தப் பேக்கப்பைச் சோதிப்பது யார் பொறுப்பு என்று வகுக்கப்படவில்லை.

கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? அதற்கு ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் வேறொரு வேலைக்காகத் தன் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்! அவர்களும் ஓடி ஒளியவில்லை. மீட்புப் பணியை உலகமே பார்க்க நேரலையில் காட்டினார்கள். தவறு செய்த பிறகும் நிமிர்ந்து நிற்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

யாருக்கும் வகுக்கப்படாத அந்தப் பொறுப்பை உன் அலுவலகத்தில் நீ எடுத்துக்கொள். யாராவது கொடுக்கட்டும் என்று காத்திராதே. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் நம்ப முடியாது; முதலில் டம்ப் எடுக்கும்படி ஏஜென்ட்டுக்குச் சொல்லிவை. 'வெற்றி' என்று திரை சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதே.

இன்று மாலை ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கு. பேக்கப் ஓடட்டும். நாளைக் காலை, துணிந்து, அந்தக் கோப்பை நீயே அழி. பிறகு ரீஸ்டோர் என்று தட்டு. திரும்பி வந்த கோப்பைத் திறந்து, கடைசி வரி வரை படித்துப் பார்.