இரண்டாவது டேங்க்

தகடு வெட்டி டேங்க் செய்வது என் தொழில். தேவைக்கு மேல் சேர்த்து வைப்பது பாவமா என்று யோசிக்க எனக்குக் கோயிலுக்குப் போக வேண்டியதில்லை, பட்டறையிலேயே ஆள் வந்துவிடும்.

இந்த முறை வந்தவரிடம் நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வேன். மணாலி வழியாக லே போகிறாராம். வழியில் தாண்டி என்ற ஊரின் பங்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று ஒரு பலகை உண்டு. அந்தப் படத்தைச் செல்போனில் காட்டி, “நூறு லிட்டர் புடிக்கிற மாதிரி இன்னொரு டேங்க் வேணும்ணே” என்றார்.

அவர் வண்டி டேங்க் 70 லிட்டர். மலையேற்றத்தில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 420 போகும். சாலை அடைபட்டால், குளிரில் இன்ஜினை ஓடவிட்டால், கூடுதலாக 30 லிட்டர் நியாயம். 100 லிட்டர் என்றால் டீசல் மட்டுமே 80 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தை இழுக்கவே டீசல் போகும். பலகை 365 என்கிறது, பயம் ஆயிரம் என்கிறது.

“முருகன் இருக்கான்ல, எதுக்கு ரெண்டாவது டேங்க்?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. எங்கள் திருப்பரங்குன்றத்துக் குகையில் சமணர் படுகைகள் இருக்கின்றன. அங்குள்ள தமிழிக் கல்வெட்டு ஒன்று, படுகை செய்து கொடுத்தவனாகப் பொலாலையன் என்ற ஈழத்துக் குடும்பத்தலைவனைச் சொல்கிறது. ஒன்றுமே வைத்துக்கொள்ளாத துறவி படுக்க, கையில் ஏதோ வைத்திருந்த ஒரு குடும்பஸ்தன் வேண்டியிருந்தது. சமணமும் இதை அறியும். துறவிக்கு எதுவும் ஆகாது. இல்லறத்தானுக்கோ ஐந்தாவது அணுவிரதம், ‘இவ்வளவு போதும்’ என்று அளவை முன்கூட்டியே தானே வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. துறவியைவிட இவன் பாடுதான் கஷ்டம் என்பேன். துறவிக்கு ஒரே ஒரு முடிவு. இவன் தினமும் அளக்க வேண்டும்.

அளவைத் தானாக வகுக்காவிட்டால் வேறு யாராவது வகுப்பார்கள். 2022இல் இலங்கையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது வேனுக்கு வாரம் 20 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அது விரதம் இல்லை, பங்கீடு.

எங்கள் ஊர்த் தென்கால் கண்மாயைப் பாருங்கள். சேர்ப்பதுதான் அதன் வேலை, ஆனால் கலுங்கு உயரம் முதலிலேயே கட்டியாயிற்று. அதற்கு மேல் வருகிற தண்ணீர் வெளியே போயாக வேண்டும். டேங்கும் அப்படித்தான். வெயிலில் டீசல் விரியும், கழுத்துவரை நிரப்பக் கூடாது. காற்றுக்குழாய் இல்லாவிட்டால் மூச்சுமுட்டி டீசல் இறங்காது. உள்ளே தடுப்புத் தகடு வைக்காவிட்டால் வளைவில் அலைமோதி வண்டியையே ஆட்டும். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கவிட்டால் கரடுமுரடான இறக்கத்தில் பாறையில் இடிக்கும், அதனால் சேஸிஸுக்கு உள்பக்கம், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி வரச் சொன்னேன். அளவு 30 லிட்டர் என்றும் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனாலும் தலையாட்டினார்.

டேங்க் அடியில் பூட்டுப் போட்ட ஒரு வடிகுழாய் வைப்பேன். வழியில் டீசல் தீர்ந்து நிற்கிற வண்டிக்கு அஞ்சு லிட்டர் பிடித்துக் கொடுக்க அது போதும். யாரும் கேட்பதில்லை. அதற்கு நான் கூலியும் போடுவதில்லை.