தாழ்ந்த குரலின் மதிப்பு

உரக்கப் பேசுவோன் சொல்லே உலகில் எடுபடும் என்பது பலரது எண்ணம். அவ்வாறாயின், குரலைத் தாழ்த்துவோன் தன் உரிமையையும் சேர்த்தே இழக்கின்றானா? இவ்வினாவுக்கு விடை தேடுங்கால், ‘மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்’ என்னும் அமெரிக்க நால்வர் இசைக்குழுவின் வரலாறு நம் கருத்தை ஈர்க்கின்றது.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகிற்கு அளித்த இசை. 1940களில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெருங்குழுவில், ஊதுகருவிக் கலைஞர்கள் இளைப்பாறும் இடைவேளைகளில் பியானோ முதலிய கருவியாளர் சிலர் மட்டும் தனித்து வாசிப்பர். அந்த இடைவேளையே இக்குழுவின் வித்து. 1952இல் இப்பெயருடன் இயங்கத் தொடங்கிய குழுவில் ஜான் லூயிஸ் பியானோவும், மில்ட் ஜாக்ஸன் உலோகப் பட்டைகளைத் தட்டி இசைக்கும் வைப்ரஃபோனும், பெர்ஸி ஹீத் டபுள் பேஸும், கென்னி கிளார்க் டிரம்மும் வாசித்தனர். 1955இல் கிளார்க் விலக, கான்னி கே அவ்விடத்தை ஏற்றார்.

அந்நாளில் ஜாஸ் பெரும்பாலும் இரவு விடுதிகளில், குடிப்போரின் பேச்சிரைச்சலுக்கு இடையே ஒலித்தது. இவர்களோ கண்ணியமான மாலை உடையில் மேடையேறினர். அவையில் இரைச்சல் ஓங்கினால், அதனை விஞ்ச முயலாது, தம் வாசிப்பை மேலும் மென்மையாக்கினர். தங்கள் பேச்சே இசையினும் உரத்து ஒலிப்பதை உணர்ந்து அவையோர் அடங்கினர் என்று ஹீத் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அரபு மொழியில் செவிசாய்த்துக் கேட்பதற்கு ‘இஸ்திமாஉ’ என்றும், கேட்பதற்காக வாய்மூடியிருப்பதற்கு ‘இன்ஸாத்’ என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்நால்வர் அவையினரிடம் வேண்டியது இரண்டாவதையே. அதனை அதட்டிப் பெறவில்லை. தம் அடக்கத்தால் பெற்றனர்.

இங்கு ஒரு தடை எழலாம். இனப்பாகுபாடு பல மாநிலங்களில் சட்டமாகவே நின்ற நாட்டில், கறுப்பினத்தார் குரலைத் தாழ்த்துவது பணிந்துபோவது ஆகாதா? ஆகாது என்பதே நம் துணிபு. அஞ்சி அடங்குவது வேறு. தன் மதிப்பை அறிந்து, பிறரைத் தன்பால் திரும்பச் செய்யும் அடக்கம் வேறு. முன்னதைப் பிறர் நம்மீது சுமத்துகின்றனர். பின்னதை நாமே தேர்ந்துகொள்கின்றோம்.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. லூயிஸ் வகுத்த கட்டுக்கோப்பு, தடையின்றிப் பாயும் கற்பனையுடைய ஜாக்ஸனுக்கு நெருக்கடியாயிற்று. உழைப்புக்கேற்ற ஊதியமில்லை என்னும் குறையும் அவருக்கு இருந்தது. 1974இல் அவர் விலகவே குழு கலைந்தது. அவையை அமைதியாக்கிய அதே அடக்கம், உள்ளே ஒருவர் நெஞ்சில் பாரமாய் இருந்திருக்கின்றது! 1981இல் நால்வரும் மீண்டும் கூடினர் என்பது நமக்கு ஆறுதல்.

அன்பர்களே! நம் இல்லங்களிலும் இளையோரை, ‘மெல்லப் பேசு’ என்கின்றோம். நல்ல அறிவுரைதான். ஆனால் அவர்கள் மெல்லப் பேசும்போது நாம் செவி தாழ்த்துகின்றோமா? கேட்போர் இல்லாத வீட்டில் மென்குரலை வேண்டுவது ஒழுக்கம் கற்பிப்பதாகாது, வாயடைப்பதே ஆகும்.